பழைய காரும் நகரத்துக் காற்றும்

1943ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தை ஒரு பழுப்பு நிறப் புகைமூட்டம் மூடியது. தெருவில் நடந்தோர் கண்ணீர் வடித்தனர். தொண்டை எரிந்தது. மூன்று தெருக்களுக்கு அப்பால் நின்ற கட்டடம் கண்ணுக்குப் புலப்படவில்லை. அது உலகப் போர்க் காலமாதலால், ஜப்பானியர் நச்சுவாயு வீசிவிட்டனரோ என்றுகூட மக்கள் ஐயுற்றனர். பிறகு, அலிசோ தெருவிலிருந்த செயற்கை ரப்பர் மூலப்பொருள் ஆலையின் மீது பழி விழுந்தது. ஆலையைச் சிறிது காலம் மூடிப் பார்த்தனர், புகைமூட்டம் குறையவில்லை.

நம் வட்டாரத்தில் காட்டுத்தீயினாலும் கரிநிலத் தீயினாலும் எழும் புகைமூட்டத்தோடு இதனை ஒன்றாக எண்ணிவிடுதல் கூடாது. நம்முடையது எரிந்த மரத்தின் புகை. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்களை வருத்தியதோ வெயில் ஏற ஏற வலுவடைந்து, மாலையில் தணியும் விந்தையான புகை. அதன் மூலத்தைக் கண்டறியப் பத்து ஆண்டுகளும், கண்டறிந்ததை ஏற்கச் செய்ய மேலும் பத்து ஆண்டுகளும் ஆயின. ஏற்ற பிறகு எழுந்த சிக்கலே இக்கட்டுரையின் பொருள்: புதிய காரில் பொருத்தப்பட்ட புகைத்தடுப்புக் கருவிகள் பழையனவாகிப் பழுதடையும்போது அவற்றை யார் பார்ப்பது, எவர் பணத்தில் பார்ப்பது என்பதே அது.

புகைமூட்டத்தின் புதிரை அவிழ்த்தவர் ஆரி யான் ஹாகன்-ஸ்மித் என்பவர். ஹாலந்து நாட்டில் 1900ஆம் ஆண்டு பிறந்து, கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய வேதியியலறிஞர். தாவரங்களின் மணமும் சுவையும் எவ்வாறு உண்டாகின்றன என்பதே அவர்தம் ஆராய்ச்சித் துறை. அன்னாசிப் பழத்தின் மணத்தைப் பிரித்தெடுத்துக் கொண்டிருந்தவர், அதே முறையில் நகரத்துக் காற்றையும் குளிரவைத்துத் திரட்டி ஆராய்ந்தார். எரியாது வெளியேறும் பெட்ரோல் ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் சூரிய ஒளியில் வினைபுரிந்து ஓசோன் முதலிய எரிச்சலூட்டும் பொருள்களாக மாறுகின்றன என்று 1950களின் தொடக்கத்தில் நிறுவினார். ஓசோனை அளக்க அவர் கையாண்ட கருவி மிக எளிது: வளைத்துக் கட்டிய ரப்பர்ப் பட்டை. ஓசோன் மிகுந்த காற்றில் அது சில நிமிடங்களிலேயே வெடிப்பு விடும். ரப்பர்ப் பாலால் வளர்ந்த மண்ணில் வாழும் நமக்கு இச்செய்தி ஒரு தனிச் சுவை தருவதாகும். அந்நகரத்தில் கார் டயர்கள் பிற ஊர்களைவிட விரைவாக வெடித்தமைக்கும் அதுவே காரணம்.

அவர் முடிபை எல்லாரும் உடனே ஏற்றுக்கொண்டாரில்லை. எண்ணெய் நிறுவனங்களின் பொருளுதவியுடன் இயங்கிய ஆய்வாளர்கள் மறுத்தனர். கென்னத் ஹான் என்னும் மாவட்ட மேற்பார்வையாளர் 1953ஆம் ஆண்டு முதல் கார் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டவாறே இருந்தார். காரின் கழிவாயு காற்றில் விரைவிற் கலந்து மறைந்துவிடும், அதனால் தொல்லையில்லை என்னும் கருத்தில் ஃபோர்டு நிறுவனத்திலிருந்து விடை வந்தது. 1969ஆம் ஆண்டு அமெரிக்க அரசின் நீதித்துறையே பெரிய கார் நிறுவனங்களின் மீது வழக்குத் தொடுத்தது. புகைத்தடுப்புக் கருவிகளை உருவாக்குவதில் தமக்குள் போட்டி வேண்டாமென்று கூடிப் பேசிக் காலந்தாழ்த்தினர் என்பதே குற்றச்சாட்டு. நிறுவனங்கள் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இனி அவ்வாறு செய்வதில்லை என்ற உடன்பாட்டுக்கு வந்தன. வழக்கு மன்றத்தில் விசாரணை நடவாமற் போனது வரலாற்று மாணவனுக்கு ஓர் இழப்பே.

இனி, கார் எவ்வழிகளில் காற்றைக் கெடுக்கிறது என்பதைக் காண்போம். புகைக்குழாய் ஒன்றே வழி என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வழிகள் மூன்று. பிஸ்டனுக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையே கசிந்து கீழேயுள்ள கிராங்க் அறைக்குள் இறங்கும் வாயு ஒன்று. முற்காலக் கார்களில் அது ஒரு குழாய் வழியே நேராகத் தெருவிற்கு வந்தது. பெட்ரோல் தொட்டியிலிருந்தும் கார்புரேட்டரிலிருந்தும் வெயிலில் எழும் ஆவி மற்றொன்று. நிறுத்தி வைத்த காரும் இவ்வழியில் காற்றைக் கெடுக்கும். மூன்றாவது, புகைக்குழாய் வழியே வரும் கழிவாயு. இதில் அரைகுறையாக எரிந்ததால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடும், எரியாத ஹைட்ரோகார்பனும், மிகை வெப்பத்தில் உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடும் அடங்கும். கலவையில் பெட்ரோலைக் குறைத்தால் முதலிரண்டும் குறையும். ஆனால் மூன்றாவது ஓரளவு கூடும். ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும் இந்த இயல்பே பொறியியலாரை நெடுங்காலம் அலைக்கழித்தது.

முதல் மருந்து மிக எளிதாகவும் மலிவாகவும் அமைந்தது. கிராங்க் அறை வாயுவை ஒரு சிறிய வால்வின் வழியாக இயந்திரத்திற்கே திருப்பி அனுப்பி எரியச் செய்தனர். கலிஃபோர்னியாவில் 1961ஆம் ஆண்டு மாதிரிகளிலும், நாடு முழுவதும் 1963ஆம் ஆண்டு மாதிரிகளிலும் அது இடம்பெற்றது. 1966ஆம் ஆண்டு முதல் கலிஃபோர்னியக் கார்களின் கழிவாயுவுக்கும் கட்டுப்பாடு வந்தது. சில வண்டிகளில் ஒரு காற்றுப் பம்பு பொருத்திக் கழிவாயுவினுள் புதிய காற்றைச் செலுத்தி, எஞ்சிய பெட்ரோலைக் குழாயிலேயே எரித்தனர். அடுத்துக் கரித்துண்டுகள் நிரப்பிய ஒரு கலம் வந்து பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைத்தது. பின்னர்க் கழிவாயுவில் ஒரு பகுதியை மீண்டும் உட்செலுத்தி வெப்பத்தைத் தணிக்கும் மறுசுழற்சி வால்வு வந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பொருத்தமான ஏற்பாடே. ஆனால் 1970களின் நடுப்பகுதிக் காரொன்றின் மூடியைத் திறந்து பார்த்தவருக்கு, இயந்திரம் எங்கே என்று தேட வேண்டிய அளவுக்கு மெல்லிய ரப்பர்க் குழாய்கள் பின்னிக் கிடந்தன. எக்குழாய் எங்கே சேர வேண்டும் என்பதற்கு மூடியின் அடியில் ஒரு படத்தையே ஒட்டி அனுப்பினார்கள்.

1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம் கடுமையானது. கழிவாயுவிலுள்ள கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் 1975ஆம் ஆண்டிற்குள் நூற்றுக்குத் தொண்ணூறு விழுக்காடு குறைக்க வேண்டும் என்று அது விதித்தது. கெடு சில முறை தள்ளிப் போடப்பட்டதாயினும், அச்சட்டத்தின் அழுத்தத்தினால் 1975ஆம் ஆண்டு மாதிரிகளில் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்ட பீங்கான் கட்டியின் மீது பிளாட்டினம், பல்லேடியம் ஆகிய உலோகங்களை மிக மெல்லியதாகப் பூசி, அதன் ஊடே கழிவாயுவைச் செலுத்தினார்கள். கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகவும், ஹைட்ரோகார்பன் நீராவியும் கரியமில வாயுவுமாகவும் மாறின. 1977ஆம் ஆண்டு மாதிரியாகக் கலிஃபோர்னியாவில் விற்பனையான வோல்வோ கார் மேலும் ஒருபடி முன்னேறியது. கழிவாயுவில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணரி ஒன்றைக் கொண்டு, ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடையளவில் கலவையை நிறுத்தி வைத்தது. அந்த அளவில் மட்டுமே மூன்று நச்சுகளையும் ஒரே மாற்றி மாற்ற இயலும்.

சிக்கல் தோன்றிய இடம் இதுவே. சட்டம் இக்கருவிகள் ஐந்து ஆண்டுகள் அல்லது 50,000 மைல்கள் வரை நன்கு இயங்க வேண்டும் என்று வரையறுத்தது. அமெரிக்கக் காரின் வாழ்நாளோ பத்தாண்டுக்கும் பதினைந்தாண்டுக்கும் நீளும். ஐந்தாண்டுக்குப் பிறகு வண்டி பெரும்பாலும் கை மாறிவிடும். இரண்டாம் கையாகவோ மூன்றாம் கையாகவோ வாங்கியவர், புதிய கார் வாங்க வழியற்றவர். ஆகவே உற்பத்தியாளரின் பொறுப்பு முடிந்த நாளில், ஏழையின் பொறுப்பு தொடங்கிற்று. சட்டம் இயற்றியவர்கள் இதைக் கருதாமல் இருந்திருக்க இயலாது. கருதியும் ஒத்திப் போட்டார்கள் என்றே எண்ணத் தோன்றுகிறது.

வயதான காரில் இவை பழுதாகும் முறையைப் பட்டறைக்காரர் நன்கறிவர். ரப்பர்க் குழாய்கள் இயந்திர வெப்பத்தில் இறுகி வெடிப்பு விடும். வெளிக்காற்று உட்புகுந்து, நிற்கும்போது இயந்திரம் தடுமாறும். மறுசுழற்சி வால்வில் கரி படிந்து, திறந்தபடியே நின்றால் வண்டி திணறும். மூடியபடியே நின்றால் இயந்திரம் தட்டும். கிராங்க் அறை வால்வு அடைத்துக்கொண்டால், உள்ளழுத்தம் ஏறி எண்ணெய் கசியும். ஆக்சிஜன் உணரி முதுமையடைந்தால் கலவையை அளக்கும் திறன் மங்கும். பெட்ரோல் மிகுதியாகி, கறுத்த புகையும் அழுகிய முட்டை நாற்றமும் எழும். பெட்ரோல் செலவு ஏறும். மாற்றி பழுதாவது பெரும்பாலும் தன் குற்றத்தாலன்று. ஒரு பிளக் தீப்பொறி தராமல் போனால், எரியாத பெட்ரோல் மாற்றிக்குள் சென்று அங்கே எரியும். பீங்கான் கட்டி மிகையாகச் சூடேறி உருகி அடைத்துக்கொள்ளும். அல்லது உடைந்து உள்ளே கலகலவென்று ஒலிக்கும். அடைத்த வண்டி மேட்டில் ஏறாது. மாற்றி செத்துவிட்டது என்று கூறிப் புதியதைப் பொருத்தி அனுப்பும் பட்டறைக்காரர், பிளக்கைப் பார்க்காமல் விட்டால் புதியதும் சில திங்களில் அதே கதியை அடையும்.

பழுதைச் சரி செய்வதைவிடக் கழற்றி எறிவது மலிவாக இருந்தது. 1970களின் தொடக்கக் கார்கள் நிறுத்திய பின்னும் சற்று நேரம் உறுமின; குளிரில் புறப்பட மறுத்தன; எண்ணெய் நெருக்கடி வந்த 1973ஆம் ஆண்டில் பெட்ரோலையும் மிகுதியாகக் குடித்தன. அதற்கெல்லாம் புகைத்தடுப்புக் கருவிகளே காரணம் என்ற எண்ணம் பரவிற்று. அது முற்றிலும் பொய்யுமன்று. அதனால் பம்பின் வாரை அறுத்தனர். குழாய்களுக்கு ஆணி அடைத்தனர். மாற்றியைக் கழற்றி வெற்றுக் குழாயைப் பொருத்தினர். 1970ஆம் ஆண்டுச் சட்டம் உற்பத்தியாளரையும் விற்பனையாளரையும் மட்டுமே தடுத்தது. 1977ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டறைகளையும் கட்டுப்படுத்திற்று. சொந்தக்காரர் தம் கையாலேயே கழற்றுவதை நடுவண் சட்டம் தடை செய்தது 1990ஆம் ஆண்டில்தான்.

இன்னொரு தந்திரம் பெட்ரோல் நிலையத்தில் நடந்தது. ஈயம் மாற்றியின் உலோகப் பூச்சின் மீது படிந்து அதைச் செயலற்றதாக்கும். ஆகையால் 1974ஆம் ஆண்டு முதல் ஈயமற்ற பெட்ரோலை விற்க நிலையங்களுக்கு ஆணையிடப்பட்டது. புதிய கார்களின் தொட்டி வாய் குறுகலாக அமைக்கப்பட்டது. ஈயப் பெட்ரோலின் குழல்முனை அதனுள் நுழையாது. ஆனால் ஈயப் பெட்ரோல் சில காசுகள் மலிவு. மக்கள் தொட்டி வாயை அகலப்படுத்தினர். சிலர் புனல் வைத்து ஊற்றினர். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எடுத்த கணக்குகளில், ஈயமற்ற பெட்ரோலுக்குரிய வண்டிகளில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை ஈயப் பெட்ரோல் கண்டவை எனத் தெரிந்தது. சில காசுகளை மிச்சப்படுத்தச் சில நூறு டாலர் பெறுமானமுள்ள மாற்றியைக் கொன்றனர் என்று சிரிக்கலாம். கொன்றவர்க்கு அம்மாற்றியின் பயன் தம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதையும் எண்ண வேண்டும். அமெரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 1996ஆம் ஆண்டு முற்றாகத் தடை செய்யப்பட்டது. சிங்கப்பூரில் அது 1998ஆம் ஆண்டு முடிவுக்கு வந்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியா 2021ஆம் ஆண்டில் கைவிட்டது.

பழைய கார்களைப் பற்றிக் கலிஃபோர்னியா முதலில் எடுத்த முயற்சி தோல்வியுற்றது. 1966 முதல் 1970 வரை உருவான கார்களில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவியொன்றைப் புதிதாகப் பொருத்த வேண்டும் என்று ஆணையிட்டனர். தம் வண்டி சூடேறுகிறது, ஓட்டம் கெடுகிறது என்று மக்கள் கொதித்தெழுந்தனர். ஆணை பின்னர்க் கைவிடப்பட்டது. அதற்குப் பின் வந்ததே 1984ஆம் ஆண்டு தொடங்கிய புகைச் சோதனைத் திட்டம். ஈராண்டுக்கு ஒருமுறை, உரிமம் பெற்ற பட்டறையில் கழிவாயுவை அளந்து, கருவிகள் எல்லாம் தத்தம் இடத்தில் உள்ளனவா என்று கண்ணாலும் பார்த்துச் சான்று தர வேண்டும். தேறாத வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க இயலாது. ஏழையரை எண்ணிப் பழுதுபார்க்கும் செலவுக்கு 50 டாலர் என்று ஒரு வரம்பு வைத்தனர். அதற்குமேல் செலவாகும் பழுதானால், அவ்வளவோடு விட்டுவிட்டு ஓட்டலாம். இரக்கத்தோடு வகுத்த விதிதான். ஆனால் 50 டாலரில் ஒரு மாற்றியை வாங்க முடியாது. மிக மோசமாகப் புகைத்த வண்டியே மிக எளிதாகத் தப்பிற்று.

இத்திட்டத்தால் விளைந்த நற்பயன் ஒன்று உண்டு. பட்டறைக்காரர் அளவுகருவியின் எண்களை வாசிக்கக் கற்றுக்கொண்டனர். கார்பன் மோனாக்சைடு உயர்ந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. காற்று வடிகட்டி அடைத்ததா, சோக் மூடியே நிற்கிறதா, மிதவை கெட்டதா என்று பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்பன் மட்டும் உயர்ந்திருந்தால் எங்கோ ஒரு சிலிண்டர் எரியவில்லை; பிளக், அதன் கம்பி, வெடித்த குழாய், தேய்ந்த வால்வு என்று தேட வேண்டும். வண்டியை உருளைகளின் மேல் ஏற்றிச் சுமையோடு ஓட்டிச் சோதிக்கும் முறை 1990களின் இறுதியில் வந்தபின் நைட்ரஜன் ஆக்சைடும் அளக்கப்பட்டது. அது உயர்ந்தால் மறுசுழற்சி வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். மலிவானதிலிருந்து தொடங்கி, மாற்றியைக் கடைசியாகத் தொடுவதே தேர்ந்தவர் முறை. மருத்துவன் நாடி பார்ப்பதற்கு ஒப்பான இக்கலையை ஏட்டில் எழுதி வைத்தோர் சிலரே. கையால் கற்றோர் பலர்.

1980களின் இறுதியில் டென்வர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்டு ஸ்டெட்மன் ஒரு புதிய வழியைக் காட்டினார். சாலையின் குறுக்கே அகச்சிவப்பு ஒளிக்கற்றையைச் செலுத்தி, கடந்து செல்லும் ஒவ்வொரு வண்டியின் புகையையும் நொடியில் அளந்தார். கார்பன் மோனாக்சைடில் ஏறத்தாழப் பாதியை வெளியிட்டவை, கடந்த வண்டிகளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவை என்று கண்டார். பழைய வண்டிகளிலும் பெரும்பாலானவை தூய்மையாகவே ஓடின. பேணப்படாத சிலவே பழி முழுவதையும் சுமந்தன. எல்லாரையும் சோதனைச் சாலைக்கு அழைப்பதைவிட அந்தச் சிலரைக் கண்டுபிடித்துத் திருத்துவதே மேல் என்று அவர் வாதிட்டார். அரசுத் துறையினர் பலர் இதை ஏற்கவில்லை. ஒரு முறை கடக்கும்போது எடுத்த அளவை வைத்து வண்டியை எடை போடலாகாது என்றனர். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்றாலும், வண்டியின் வயதைவிட அது பேணப்பட்ட முறையே முதன்மையானது என்ற அவர் முடிபு என் கருத்தில் அசைக்க முடியாதது.

வயதையே குற்றமாகக் கொண்ட வழியும் ஒன்று இருந்தது. 1990ஆம் ஆண்டு யூனோகால் என்னும் எண்ணெய் நிறுவனம், லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1971ஆம் ஆண்டுக்கு முற்பட்ட கார்களைத் தலா 700 டாலர் கொடுத்து வாங்கி நசுக்கியது. 8,000க்கும் மேற்பட்ட வண்டிகள் அவ்வாறு அழிந்தன. காற்றுக்கு நன்மைதான். தன் ஆலையின் புகைபோக்கியைத் திருத்துவதைவிடப் பிறர் காரை வாங்கி நசுக்குவது மலிவு என்பதை ஓர் எண்ணெய் நிறுவனம் கணக்கிட்டறிந்தது என்றும் கூறுவர். பழைய காரைப் பேணி மகிழ்வோரோ, அவற்றோடு மறுபடி கிடைக்காத உதிரிப் பாகங்களும் நசுங்கின என்று வருந்தினர். கலிஃபோர்னிய அரசு பிற்காலத்தில் இரு வழிகளையும் சேர்த்து நடத்தியது: சோதனையில் தேறாத காரைத் திருத்த வருவாய் குறைந்தோர்க்கு உதவித்தொகை; கைவிட விரும்புவோர்க்கு ஒரு விலை.

1990ஆம் ஆண்டுத் திருத்தம் உற்பத்தியாளரின் பொறுப்பையும் நீட்டியது. மாற்றிக்கும் கட்டுப்பாட்டுக் கணிப்பொறிக்கும் எட்டு ஆண்டுகள் அல்லது 80,000 மைல்கள் என்ற உறுதி வந்தது. 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் அமெரிக்கக் கார்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன. பழுது நேர்ந்தால் ஓட்டுநர் முன்னே விளக்கெரியும். நோயாளியே நோயைச் சொல்லும் காலம் வந்தது. ஆனால் அந்த விளக்கு இல்லாத தலைமுறைக்கு இது உதவவில்லை.

பயனை மறுப்பதற்கில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் 1977ஆம் ஆண்டு 121 நாள்களில் முதல்நிலை ஓசோன் எச்சரிக்கை விடுக்கப்பட்டது. 1999ஆம் ஆண்டில் ஒரு நாளும் இல்லை. அக்கால இடைவெளியில் வண்டிகளின் எண்ணிக்கை குறையவில்லை, பெருகிற்று. மாநிலக் காற்று வள வாரியத்தின் முதல் தலைவராயிருந்த ஹாகன்-ஸ்மித், 1977ஆம் ஆண்டிலேயே மறைந்ததால் இதைக் காணவில்லை.

கலிஃபோர்னியாவில் முப்பது ஆண்டைக் கடந்த கார்களுக்குச் சோதனையிலிருந்து விலக்கு என்னும் விதி ஒரு காலத்தில் இருந்தது. ஆண்டுதோறும் ஒரு மாதிரி விடுதலை பெற்றுவந்தது. 2004ஆம் ஆண்டு இயற்றிய சட்டம் அந்த நகர்வை நிறுத்தியது. 1975ஆம் ஆண்டு மாதிரியும் அதற்கு முற்பட்டவையும் விலக்குப் பெற்றன. 1976ஆம் ஆண்டு மாதிரி முதல் பழமையைக் காரணமாகக் காட்டி விலக்குப் பெற வழியில்லாமற் போயிற்று. ஓராண்டு முன்னே பிறந்த கார் உரிமத்தோடு உலவ, பின்னே பிறந்த கார் ஈராண்டுக்கு ஒருமுறை சோதனைச் சாலைக்குச் செல்கிறது. அதற்குரிய காற்றுப் பம்பும் வால்வும் தொழிற்சாலைகளில் உருவாவது நின்று பல்லாண்டுகள் ஆயின. ஆகவே 1976ஆம் ஆண்டுக் காரை வைத்திருப்போர், பழைய இரும்புக் கடைகளிலும் ஓய்வுபெற்ற பட்டறைக்காரர்களின் அலமாரிகளிலும், முன்னொரு காலத்தில் எவரோ கழற்றி எறிந்த அதே பாகங்களைத் தேடி விலை கொடுத்து வாங்குகின்றனர்.